ரயில் நின்ற தடத்தில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் முடியுமா?

கேள்வி இதுதான்: வில்லிவாக்கத்திலிருந்து அண்ணா நகருக்குப் போட்ட ரயில் பாதையில் பயணிகள் ரயில் நின்று பல வருஷம் ஆகிவிட்டது. வெளிநாடுகளில் இந்த மாதிரிப் பாதைகளை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மாற்றியிருக்கிறார்கள். சென்னையிலும் அப்படிச் செய்ய முடியுமா? செய்தால் எப்படிச் செய்ய வேண்டும்?

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதி நாள் டிராலியில், மீதி நாள் கால்நடையாக, தண்டவாளத்தைப் பார்த்தபடியே சர்வீஸ் முடிந்தது. மனசுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் பதில் நீளும்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடியும். பாதை போடுவது இதில் சின்ன வேலை, கடைசியாகச் செய்ய வேண்டியதும் அதுதான். அந்த நிலம் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை துண்டு துண்டாகப் போகாமல் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். பெரிய வேலை அதைக் காப்பாற்றுவதுதான், அதையே முதலில் செய்ய வேண்டும். மற்றதெல்லாம் பிறகு மெதுவாகச் செய்துகொள்ளலாம். இதைக் கோட்டைவிட்டால் எத்தனை கோடி செலவழித்தாலும் திரும்ப வாங்க முடியாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரயில் பாதை என்பது மேலே தெரிகிற இரும்பு மட்டும் இல்லை. இரும்பைக் கழற்றி எடுத்த பிறகும் அடியில் ஒரு பெரிய உழைப்பு மிச்சம் இருக்கிறது. மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஓடைக்கு மேல் பாலம் கட்டி, சின்ன வாய்க்காலுக்குக் கல்வெட்டு (கல்வர்ட், அடியில் தண்ணீர் போகிற சிறு பாலம்) வைத்து, ஊர் ஊராகச் சமமாக இழுத்துக்கொண்டு போன மண் தளம் அது. சமவெளியில் ரயிலுக்கு வைக்கிற ஏற்றம் 150 அடிக்கு 1 அடி, 200 அடிக்கு 1 அடி, அந்த அளவுதான். ஸ்டேஷன் எல்லைக்குள் 400 அடிக்கு 1 அடிக்கு மேல் போகவே கூடாது. சக்கர நாற்காலிக்குக் கட்டிடங்களில் வைக்கிற சாய்தளம் 12 அடிக்கு 1 அடி வரை இருக்கலாம். ஊட்டி மலை ரயில் பல்சக்கரம் பிடித்து ஏறுகிற செங்குத்தான இடமும் ஏறக்குறைய அதே 12க்கு 1தான். இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ரயில் தடத்தில் முழங்கால் வலி உள்ள பாட்டி நடக்கலாம், எட்டு வயசுப் பிள்ளை மூச்சு வாங்காமல் சைக்கிள் மிதிக்கலாம். வளைவும் அப்படித்தான். அகலப் பாதையில் (பிராட் கேஜ்) மிக நெருக்கமான வளைவுக்கே 175 மீட்டர் ஆரம் வேண்டும். எதிரே யார் வருகிறார்கள் என்பது தூரத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும், ஜல்லி முடிகிற இடத்துக்கு வெளியே, ஒரு மண் ஓரம் இருக்கும். அதை நாங்கள் செஸ் என்போம். தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளர்களான கேங்மேன்கள் நடப்பது அதில்தான். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற கட்டையை ஸ்லீப்பர் என்போம், அதன் மேல் காலை வைத்து நடக்க முடியாது. இப்போதைய கணக்குப்படி ஒரு கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர், அதாவது 60 சென்டிமீட்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றாக மிதித்தால் காலடி குறுகிப்போகும், ஒன்று விட்டு ஒன்று மிதித்தால் தாவ வேண்டியிருக்கும். ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ரயில் ஓடிய காலத்திலேயே அதன் பக்கத்தில் ஒரு நடைபாதை இருந்தது, அதில் ஆட்கள் தினமும் நடந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, துண்டாகிப் போனால் என்ன ஆகும்? அதற்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். இந்தியாவிலேயே முதன்முதலில் ரயில் ஓடியது நம் ஊரில்தான். 1837ல், செங்குன்றம் பக்கத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை பக்கம் வரை, சாலை போடுவதற்குக் கல் ஏற்றி வர ஒரு பாதை போட்டார்கள். பம்பாய் – தானே ரயிலுக்கு 16 வருஷம் முந்தியது அது. இன்றைக்கு அந்தத் தடம் எங்கே போனது என்று காட்டச் சொன்னால் தரையில் காட்ட ஒன்றும் இல்லை. பட்டா போட்ட மனை, தெரு, கட்டிடம் என்று கரைந்துவிட்டது. 1895ல் ஓடத் தொடங்கி 1953ல் நின்ற டிராம் கதை வேறு. அது சாலை மேலேயே ஓடியது, தண்டவாளம் போனதும் சாலை மட்டும் மிஞ்சியது. செங்குன்றம் பாதைக்குத் தனித் தடம் இருந்தது, அதுதான் காணாமல் போனது.

அமெரிக்காவில் இந்த ஆபத்தை நம்மை விட முன்னாடியே பார்த்துவிட்டார்கள். அங்கே ரயில் பாதை உச்சத்தில் இருந்தது 1916 வாக்கில், 2,50,000 மைலுக்கு மேல். அப்புறம் கார், லாரி, விமானம் என்று வந்து ஒவ்வொரு கிளைப் பாதையாக மூடத் தொடங்கினார்கள். 1963ல் சிகாகோ பக்கத்தில் மே தைல்கார்ட் வாட்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர், கைவிட்ட ஒரு ரயில் தடத்தை மக்கள் நடப்பதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்திலிருந்து வளர்ந்ததுதான் இல்லினாய் பிரெய்ரி பாதை. அதே காலத்தில் பக்கத்து விஸ்கான்சின் மாநிலம் எல்ராய் – ஸ்பார்ட்டா தடத்தை வாங்கி, சுமார் 50 கி.மீ. நீளத்துக்குப் பொடிக்கல் பரப்பி 1967ல் திறந்தது. அதில் மூன்று குகைப்பாதைகள் உண்டு. மிக நீளமானது ஒரு கிலோமீட்டருக்கு மேல், கையில் டார்ச் இல்லாமல் உள்ளே போக முடியாது.

1983ல் அவர்கள் கொண்டுவந்த சட்டத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ரயில் நிறுவனம் ஒரு பாதையை மூடுகிறது என்றால், அதை மூடியதாகவே கணக்கில் எடுக்காமல், எதிர்காலத் தேவைக்குச் சேமித்து வைத்த தடமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறது அந்தச் சட்டம். இடைக்காலத்தில் மக்கள் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். நாளைக்கு ரயில் வேண்டும் என்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1990ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. எனக்கு இதில் பிடித்தது அதன் நேர்மை. ரயிலுக்கு எதிராக நடைபாதை என்று யாரையும் மோதவிடவில்லை. ரயில் திரும்பி வரும் வரை அந்த இடத்தை மக்கள் கால்களை வைத்தே காவல் காக்கிறார்கள்.

நம் மாநிலத்தில் இது எங்கே பொருந்தும் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது மயிலாடுதுறை – தரங்கம்பாடி பாதையை. 1986ல் நிறுத்திய மீட்டர் கேஜ் கிளை அது, சுமார் 30 கி.மீ. செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகக் கடற்கரை வரை போகும். அங்கே மக்கள் கேட்பது ரயிலை. அது நியாயம். ரயில் வரும் வரை தடத்தை யாரும் விழுங்காமல் பார்த்துக்கொள்ள, அதன் மேல் ஒரு எளிய பாதை இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1960களில் அங்கே ஆயிரக்கணக்கான மைல் பாதையை ஒரே வீச்சில் மூடினார்கள். பல இடங்களில் நிலத்தையும் உடனுக்குடன் விற்றுவிட்டார்கள், அதற்காக இன்று வரை வருத்தப்படுகிறார்கள். பிரிஸ்டல் – பாத் நகரங்களுக்கு இடையில் மிஞ்சிய தடத்தில் 1979லிருந்து 1986 வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பாதை போட்டார்கள். 21 கி.மீ. தூரம், பெரும்பாலும் உள்ளூர்த் தன்னார்வலர்களின் கை உழைப்பு. 2008ல் அதில் ஒரு பகுதியைப் பேருந்துத் தடமாக மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. மக்கள் கொதித்துப் போனார்கள், யோசனை கைவிடப்பட்டது. வேலைக்கும் பள்ளிக்கும் தினமும் போய்வருகிற பாதையாக அது மாறியிருந்ததால்தான் அப்படிக் கொதித்தார்கள். சுற்றுலாவுக்கு மட்டும் போட்ட பாதையாக இருந்திருந்தால் இவ்வளவு பேர் திரண்டிருக்க மாட்டார்கள்.

நமக்கு மிக நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். மகள் அங்கே இருப்பதால் இரண்டு முறை அந்தத் தடத்தில் நடந்திருக்கிறேன். மலேசிய ரயில்வேக்குச் சொந்தமாக இருந்த பாதை, தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை, 24 கி.மீ. இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு, 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் போனது. மறுநாளிலிருந்து நிலம் சிங்கப்பூருக்கு. மனை விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாத ஊர் அது. அவ்வளவு நீள நிலத்தைத் துண்டு போட்டு விற்றிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று யோசியுங்கள். ஆனால் ரயில் நிற்பதற்கு முந்தின வருஷமே அங்குள்ள இயற்கைச் சங்கம், முழுத் தடத்தையும் பசுமை வழியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டது. அரசு அதைக் கேட்டது. தண்டவாளத்தைக் கழற்றினார்கள், தடத்தை அப்படியே ஒரே நாடாவாக விட்டார்கள். மேம்படுத்துவதை அவசரப்படாமல் பகுதி பகுதியாகச் செய்தார்கள். புக்கித் திமா ஸ்டேஷனைச் சீர்செய்து திறந்ததே 2022ல்தான்.

அங்கே நடக்கும்போது என்னை நிற்க வைத்தவை இரண்டு. ஒன்று, புக்கித் திமா பக்கம் சாலைக்கு மேலே போகிற பழைய இரும்புப் பாலம். அதை இடிக்கவில்லை. ரிவிட் ஆணிகள் அப்படியே இருக்க, சிறுவர்கள் சைக்கிளில் அதன் நடுவே போகிறார்கள். பாலம் ஆய்வு செய்தே காலம் கழித்தவனுக்கு அந்தக் காட்சி என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இன்னொன்று, குவீன்ஸ்டவுன் பகுதியில் உள்ள முனீஸ்வரன் கோயில். 1932ல் அந்த ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சின்னதாக வைத்துக் கும்பிட்ட சாமி, இன்றைக்குப் பெரிய கோயிலாக நிற்கிறது. மலாயா ரயிலுக்கு மண் சுமந்தவர்களில், கட்டை போட்டவர்களில், கேங்கில் நின்றவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். பெயர் தெரியாத அந்த மனிதர்கள் சமன் செய்த தரையில்தான் நாம் நடக்கிறோம் என்ற எண்ணம் கடைசி வரை கூடவே வந்தது.

இப்போது சென்னைக்கு வருவோம். நேர்மையாகச் சொன்னால், இங்கே செத்துப்போன ரயில் பாதை அதிகம் இல்லை. 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட தென்னிந்தியாவின் முதல் பாதை இன்றைக்கும் ஓய்வில்லாமல் உழைக்கிறது. கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 1931ல் வந்து 2004 ஜூலையில் நின்றது. ஆனால் அந்த இடத்தையே அகலப் பாதை எடுத்துக்கொண்டது. இது நல்ல செய்திதான். ஓடுகிற ரயிலை நிறுத்தி நடைபாதை போடுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஒரு மின்சார ரயில் சுமக்கிற கூட்டத்தை எந்தச் சைக்கிள் பாதையும் சுமக்க முடியாது.

ஆக, சென்னையில் கேள்விக்கு உரியவை அங்கங்கே கிடக்கிற சின்னத் துண்டுகள்தான். தொழிற்சாலைக்கும் கூட்ஸ் ஷெட்டுக்கும் போன சைடிங்குகள் என்கிற சின்னக் கிளைத் தண்டவாளங்கள், அப்புறம் நீங்கள் கேட்ட அண்ணா நகர் கிளை. சுமார் 3 கி.மீ. நீளம், 2003ல் பயணிகள் ரயில் வந்தது, சில வருஷங்களிலேயே நின்றுபோனது. பயணிகள் ரயில் நின்றதாலேயே அது கைவிட்ட பாதை ஆகிவிடாது. ரயில்வே தன் தேவைக்கு அதை வைத்திருக்கிறது, நாளைக்கு மறுபடி ரயில் விடவும் உரிமை இருக்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே நடந்தால் ரயில்வே சட்டம் 1989ன் 147வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டுத் தண்டவாளத்தில் நடைப்பயிற்சி போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ரயில் வராது என்று நினைத்த பாதையில் ஒரு தனி இன்ஜின் சத்தமில்லாமல் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

நிலம் மத்திய அரசின் ரயில்வேயுடையது. மாநகராட்சி நினைத்த உடனே போய் வேலி போட முடியாது. ரயில்வேக்குத் தேவைப்படாத நிலத்தை வணிக வளர்ச்சிக்குக் குத்தகை விட்டு வருமானம் பார்க்கத் தனி ஆணையமே இருக்கிறது. அதன் கண்ணுக்கு 3 கி.மீ. நாடா என்பது நான்கைந்து நல்ல மனைகளாகத் தெரியலாம். அதனால்தான் அமெரிக்கச் சட்டத்தை அவ்வளவு விரிவாகச் சொன்னேன். நில உரிமை ரயில்வேயிடமே இருக்கட்டும். பயன்பாட்டு உரிமையை மட்டும் ஒப்பந்தமாக மாநகராட்சி வாங்கட்டும். ரயில் திரும்பி வந்தால் பாதை ஒதுங்கிக்கொள்ளும் என்று எழுதிக் கொடுக்கட்டும். ரயில்வேயில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் அதிகாரிகள் மறுப்பதற்கு முக்கியக் காரணம் ஒருமுறை விட்டால் திரும்ப வராது என்ற பயம்தான். அந்தப் பயத்தைக் காகிதத்தில் தீர்த்து வைத்தால் பாதி வழி கடந்த மாதிரி.

இடம் போதுமா என்று சிலர் கேட்கிறார்கள். அகலப் பாதை ஒற்றை லைனுக்கே மண் தளத்தின் மேல் அகலம் ஏறக்குறைய 7 மீட்டர் இருக்கும். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் நடைபாதைக்குக் கேட்பது தடையில்லாத 1.8 மீட்டர். சைக்கிள் போகவும் வரவும் சேர்த்து 3 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 4.8 மீட்டர் ஆயிற்று. மீதியில் மரம், விளக்கு, வடிகால். தாராளமாகப் போதும். நடப்பவர்களையும் சைக்கிளையும் கட்டாயம் பிரிக்க வேண்டும். வெறும் வெள்ளைக் கோடு போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். தரையின் தன்மையே வேறாக இருக்க வேண்டும்: சைக்கிளுக்குத் தார், நடப்பவர்களுக்கு இறுக்கிய மண்ணும் கிரஷர் பொடியும். பேவர் பிளாக் வேண்டவே வேண்டாம். மழையில் அடி மண் இறங்கி, வேர் தூக்கி, இரண்டே வருஷத்தில் பல் போன வாய் மாதிரி ஆகிவிடும்.

தண்ணீரைப் பற்றி நான் அதிகம் பேசுவேன், மன்னிக்கவும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கேங்மேன்களின் தலைவரான கேங் மேட் ஒருவர் சொல்வார், "தண்ணிய வெளியே விட்டுட்டா போதும் சார், லைன் தானா நிக்கும்" என்று. சர்வீஸ் முழுக்க அது பொய்த்ததே இல்லை. சென்னைக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். ரயில் மேடு என்பது ஊருக்குக் குறுக்கே கட்டிய கரை மாதிரி. அதில் அங்கங்கே இருக்கிற கல்வெட்டுகள்தான் ஒரு பக்கத் தண்ணீரை மறுபக்கம் அனுப்புகின்றன. பூங்கா அமைக்கிறேன் என்று யாராவது கான்கிரீட் ஊற்றி ஒரு கல்வெட்டை அடைத்தால், அடுத்த நவம்பரில் ஒரு பக்கத் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும். பாதை வரைபடம் போடுவதற்கு முன்னால் எத்தனை கல்வெட்டு, எத்தனை அடைபட்டிருக்கிறது, எங்கே தண்ணீர் போய்ச் சேருகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். ஜல்லியை முழுசாக வாரி எடுக்கவும் கூடாது, அது நல்ல வடிகால் அடுக்கு. ஆனால் மேல் ஜல்லியிலும் மண்ணிலும் வருஷக்கணக்கில் ஒழுகிய எண்ணெய், களைக்கொல்லி, பழைய பெட்டிகளின் கழிவறைக் கழிவு எல்லாம் ஊறியிருக்கும். மண் பரிசோதனை செய்து, கெட்ட இடத்தை மூடி மேலே நல்ல மண் போட வேண்டும். பழைய மரக் கட்டைகளைப் பெஞ்சாகப் போட்டு அழகு பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அந்தக் கட்டைகள் கிரியோசோட் எண்ணெயில் ஊறவைத்தவை. வெயிலில் கசிந்து தோலில் ஒட்டும், உடம்புக்கு ஆகாது. குழந்தைகள் உட்காரும் இடத்தில் அது கூடவே கூடாது.

அடுத்தது நிழல். நிழல் இல்லாத பாதை சென்னையில் காலை எட்டரை மணிக்கு மூடிக்கொள்ளும், மாலை ஐந்துக்குத்தான் திறக்கும். வேம்பு, புங்கை, பூவரசு, மகிழம், நாவல். இவற்றை இரண்டு ஓரமும் நெருக்கமாக, பாதை போடுவதற்கு இரண்டு மழைக்காலம் முன்னாடியே நட்டுவிட வேண்டும். 2016 டிசம்பர் 12ல் வர்தா புயல் அடித்தபோது எந்த மரங்கள் அதிகம் சாய்ந்தன என்பதை ஊரே பார்த்தது. சீக்கிரம் வளரும், பூ அழகாக இருக்கும் என்று வைத்த வெளிநாட்டு மரங்கள் தெருத்தெருவாகக் கிடந்தன. நல்ல வேர் பிடித்த நாட்டு மரங்கள் பல கிளையை இழந்தாலும் நின்றன. ரயில் மேட்டில் நடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கரைச் சரிவில் ஆல், அரசு வளர விட்டால் வேர் கல்வெட்டைப் பிளந்துவிடும். அவற்றை மேட்டுக்குக் கீழே தரையில் வைக்கலாம்.

சாலை குறுக்கிடும் இடங்கள்தான் உண்மையான சோதனை. ரயில் ஓடியபோது கேட் போட்டு வண்டிகளை நிறுத்தினோம். ரயில் போன பிறகு, நடப்பவன் காத்திருக்க வேண்டும், பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டே இருக்கும் என்று தலைகீழாக மாறிவிடுகிறது. 3 கி.மீ. பாதையில் நாலு இடத்தில் ஐந்து ஐந்து நிமிஷம் நின்றால் யார் வருவார்கள்? சின்னச் சாலைகளில் பாதையின் மட்டத்துக்குச் சாலையையே உயர்த்திவிட வேண்டும். வண்டி ஏறி இறங்கும்போது தானாக வேகம் குறையும். பெரிய சாலையில் சிக்னல் வேண்டும், பொத்தானை அழுத்தினால் அரை நிமிஷத்துக்குள் பச்சை விழ வேண்டும். நடை மேம்பாலம் கட்டித்தருகிறோம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சமதளம்தான் இந்தத் தடத்தின் ஒரே சொத்து, அதை நாற்பது படிக்கட்டில் தொலைக்கக் கூடாது.

மோட்டார் சைக்கிள் உள்ளே வருமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. சைக்கிளும் சக்கர நாற்காலியும் நுழைகிற இடைவெளியில் பைக்கும் நுழையும். பைக்கைத் தடுக்கிற வளையம் வைத்தால் முதலில் மாட்டுவது சக்கர நாற்காலி. ஆட்டோவும் காரும் வராமல் இரண்டு குட்டைத் தூண் வைக்கலாம். பைக்கைத் தடுப்பது ஆள் நடமாட்டம்தான். காலையிலும் மாலையிலும் பாதை நிறைய ஆட்கள் இருந்தால் பைக்காரருக்கு அது குறுக்கு வழியாகவே இருக்காது.

ஆள் நடமாட்டம் என்றதும் பெண்களின் பாதுகாப்பைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் உயரமான காம்பவுண்டு எழுப்பினால் அது மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள சந்து ஆகிவிடும். மாலை ஆறுக்கு மேல் எந்தப் பெண்ணும் தனியாக வர மாட்டார். முந்நூறு நானூறு மீட்டருக்கு ஒரு வெளிவழி, பக்கத்து வீடுகளிலிருந்து பார்வை படுகிற தாழ்ந்த வேலி, முகம் தெரிகிற வெளிச்சம், இளநீர்க் கடையும் பூக்கடையும் வைக்க இடம். கடை வைத்திருக்கும் ஆயா ஒருவர் இருந்தால் நாலு கேமராவுக்குச் சமம்.

தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தப் பதில் பாதிதான். சென்னையில் அழகுபடுத்தல் என்று எது தொடங்கினாலும் முதலில் லாரியில் ஏற்றப்படுவது அவர்கள் சாமான்கள்தான். கூவம் ஓரத்திலிருந்தும் அடையாறு ஓரத்திலிருந்தும் எத்தனை குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போயின, வேலையையும் பள்ளியையும் விட்டு எவ்வளவு தூரம் போயின என்பது நமக்குத் தெரியும். நியூயார்க்கில் 1980ல் ரயில் நின்ற ஓர் உயர்பாதையை 2009லிருந்து பூங்காவாகத் திறந்தார்கள். உலகப் புகழ் பெற்றது, ஆனால் சுற்றிலும் வாடகை ஏறி, பழைய குடியிருப்பாளர்களுக்கு அது அந்நிய இடமாகிவிட்டது என்று அதைத் தொடங்கியவர்களே பிறகு வருத்தப்பட்டார்கள். அதில் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை. நமக்கு அந்த மாதிரி வேண்டாம். தினமும் நடந்து வேலைக்குப் போகிறவர்கள், சைக்கிளில் கேன் தண்ணீர் கட்டிப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், இவர்களை மனசில் வைத்துத்தான் வரைபடம் போட வேண்டும். அந்த மூன்று கிலோமீட்டரில் பக்கத்தில் குடியிருப்பவர் யாரையும் தூரத்துக்கு அனுப்பக் கூடாது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மாநகராட்சிக்கு இதில் அக்கறை இருக்குமா என்றால், 2014லேயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்ட ஊர் இது. 2019ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தித் திறந்தபோது வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தார்கள். மாலையில் போய்ப் பாருங்கள், தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை நடக்கிறார்கள். இடம் கொடுத்தால் சென்னைக்காரர்கள் நடப்பார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

நீங்கள் அந்தப் பகுதியில் இருப்பவர் என்றால் முதலில் இதைச் செய்யுங்கள். தண்டவாளத்தில் கால் வைக்காமல், இரு பக்கத் தெருக்கள் வழியாகவே தடத்தின் முழு நீளத்தையும் ஒருமுறை நடந்து, எத்தனை சாலை குறுக்கிடுகிறது, எத்தனை கல்வெட்டு, எந்தெந்தப் பள்ளிக்கூடம், எங்கே வீடுகள் ஒட்டியிருக்கின்றன என்று ஒரு நோட்டில் குறியுங்கள். பிறகு சென்னை ரயில்வே கோட்டத்தின் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மூன்றே கேள்வி போதும்: அந்தக் கிளையின் நிலம் முழுவதும் இப்போது யார் பெயரில் இருக்கிறது, அதில் எந்தப் பகுதியாவது குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறதா, அல்லது விடும் திட்டம் உள்ளதா, அந்தப் பாதையில் ரயில்வேயின் எதிர்காலத் திட்டம் என்ன. முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் இங்கேயே போடுங்கள். வரைபடம் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள், எந்தக் கல்வெட்டு எதற்கு என்று உட்கார்ந்து குறித்துத் தருகிறேன்.